120 கிராம் பொட்டலம்

பி.டி. பருத்தி விதை வாங்கியவர்களுக்கு அந்தக் குட்டிப் பொட்டலம் ஞாபகம் இருக்கும். பெரிய பாக்கெட்டில் 450 கிராம் பி.டி. விதை. அதற்குள்ளேயே 120 கிராமில் இன்னொன்று. அதில் இருப்பது பி.டி. அல்லாத சாதாரணப் பருத்தி விதை. வயலைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது மொத்தப் பரப்பில் 20 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அந்த அளவுக்கு இதை நட்டே ஆக வேண்டும் என்பது அரசு போட்ட நிபந்தனை. பெரம்பலூர் பக்கம் கரிசலில் மானாவாரிப் பருத்தி போடும் என் மாமாவிடம், அந்தப் பொட்டலத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறேன்.

"அதுவா மாப்ள? மொளைக்காத எடத்துல ஊனிக்கலாம்னு வச்சிருப்போம். பாதி நேரம் அதுவே மொளைக்காது. அப்புறம் யாரு அதப் பிரிச்சா!"

மரபணுப் பயிர்களின் ஒழுங்குமுறை பற்றி நான் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தது இந்தப் பதிலுக்குப் பிறகுதான். நான் மென்பொருள்காரன். படித்தது எலக்ட்ரானிக்ஸ். உயிரியலோடு எனக்கிருந்த உறவு பிளஸ் டூவோடு முறிந்துவிட்டது. ஆனால், 'இந்த நிபந்தனைக்கு உட்பட்டே இது வேலை செய்யும்' என்று ஆவணத்தின் 40ஆம் பக்கத்தில் எழுதிவிட்டு, நிபந்தனையைக் காப்பாற்றும் வேலையைக் கடைசியில் உட்கார்ந்திருக்கும் பயனரின் தலையில் கட்டுவது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பிழைப்பில் பாதி அதுதான்.

அந்த 120 கிராம் எதற்காக என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்பது மண்ணில் சாதாரணமாகக் கிடக்கும் ஒரு பாக்டீரியா. அது தயாரிக்கும் ஒரு புரதம், காய்ப்புழுவின் காரத்தன்மையுள்ள குடலுக்குள் போய்க் கரைந்து, குடல் சுவரில் ஒட்டி, ஓட்டை போட்டுவிடும். நம் இரைப்பை அமிலம். அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளத் தேவையான பிடிமானமும் நம் குடலில் இல்லை. இயற்கை விவசாயத்தில்கூட இந்த பாக்டீரியாவைத் தெளிப்பதுண்டு. அந்தப் புரதத்துக்கான மரபணுவை எடுத்துப் பருத்திக்குள் வைத்துவிட்டால் செடி தன் மருந்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். 2002 மார்ச்சில் மஹிகோவின் மூன்று வீரிய ஒட்டு ரகங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2004இல் நம் ஆத்தூர் ராசி சீட்ஸின் ஆர்.சி.எச்.2 வந்தது. மாமா அடுத்த வருஷமே மாறிவிட்டார். அதற்கு முன் ஒரு வெள்ளாமைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை மருந்தடித்தவர் அந்த வருஷம் நான்கோடு நிறுத்தினார். மொட்டை மாடி முழுக்கப் பருத்தி கொட்டிக் கிடந்தது எனக்கே நினைவிருக்கிறது. மரபணு மாற்றம் என்றாலே விஷம் என்று பேசுகிறவர்களிடம் என்னால் முழுசாகச் சேர முடியாததற்கு அந்த மாடியும் ஒரு காரணம்.

ஆனால் புழுவும் சும்மா இருக்காது. லட்சக்கணக்கான புழுக்களில் ஏதோ ஒன்றிரண்டுக்கு அந்தப் புரதம் வேலை செய்யாது. மற்றதெல்லாம் செத்துப்போன வயலில் மிச்சமிருக்கும் இந்த இரண்டும் கூடினால், பிறப்பதெல்லாம் எதிர்ப்புச் சக்தியுள்ள புழு. பக்கத்திலேயே சாதாரணப் பருத்தி இருந்தால் அதில் சாதாரணப் புழுக்கள் நிறைய வளரும். எதிர்ப்புச் சக்தியுள்ள அந்துப்பூச்சிக்கு ஜோடி அவற்றிலிருந்துதான் கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்தக் குணம் ஒடுங்கிய குணம் என்பதால் அடுத்த தலைமுறை பி.டி. இலையைத் தின்றால் செத்துவிடும். அதாவது, புழுவுக்குப் பிழைக்கக் கொஞ்சம் இடம் விட்டால்தான் மருந்து பிழைக்கும். இந்த யோசனை அழகானது, எளிமையானது, காகிதத்தில் சரியானது. ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேலே பருத்தி போடும் நாட்டில், சராசரியாக இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கிறவர், தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு எழுதிவைக்க வேண்டும். நஷ்டம் அவருடையது, லாபம் எல்லோருக்கும். அவர் செய்கிறாரா என்று பார்க்க ஆளும் கிடையாது. எந்தக் கணக்கில் இது நடக்கும் என்று நம்பினார்கள்?

இதைவிட மோசமான இன்னொன்று இருக்கிறது, அதை விவசாயியின் தலையில் கட்டவே முடியாது. மற்ற பல நாடுகளில் பி.டி. மரபணுவை, விதை எடுத்து மறுபடி போடக்கூடிய சாதாரண ரகங்களில் வைத்தார்கள். இந்தியாவில் ஏறக்குறைய முழுசாக வீரிய ஒட்டு ரகங்களில். வீரிய ஒட்டு விதையை எடுத்து வைத்து மறுவருஷம் போட்டால் விளைச்சல் படுத்துவிடும், ஆகவே ஒவ்வொரு வருஷமும் கடைக்குப் போயே ஆக வேண்டும். வியாபாரத்துக்கு நல்லது. ஆனால் இந்த ஒட்டுச் செடியில் பி.டி. மரபணு ஒரு பிரதிதான் இருக்கும். பத்தாம் வகுப்பில் படித்த மெண்டல் பட்டாணிக் கணக்குப்படி, அந்தச் செடியின் காய்க்குள் இருக்கும் விதைகளில் நான்கில் ஒன்றுக்கு அந்த மரபணுவே இருக்காது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு வாழ்வதே காய்க்குள்தான், தின்பதே விதையைத்தான். ஒரு விதையில் விஷம், பக்கத்து விதையில் இல்லை. ஆன்டிபயாடிக்கை அரைகுறையாகச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். போதாக்குறைக்கு நம் ஒட்டு ரகங்கள் ஆறு மாதத்துக்கும் மேலே வயலில் நிற்பவை. இளஞ்சிவப்புப் புழு கடைசியில் வருகிற ஆள். அதற்குப் பயிற்சி எடுக்க வேண்டிய அளவு நேரம் கொடுத்தோம்.

2008-09வாக்கில் குஜராத்தில் முதல் புரதத்துக்கு எதிர்ப்புச் சக்தி வந்த புழு பதிவானது. 2010இல் விதைத் தொழில்நுட்பத்தை விற்ற மான்சாண்டோவே அதை ஒப்புக்கொண்டது. அதற்குள் இரண்டு மரபணு கொண்ட போல்கார்டு 2 கடைக்கு வந்து நான்கு வருஷமாகியிருந்தது. 2014-15க்குள் அதற்கும் புழு பழகிவிட்டது. இதே புழுவை அமெரிக்கா 2018இல் தன் பருத்திப் பரப்பிலிருந்து ஒழித்துவிட்டதாக அறிவித்தது. அவர்களும் பி.டி. பருத்திதான் போட்டார்கள். கூடவே மலட்டு அந்துப்பூச்சிகளை வானத்திலிருந்து கொட்டினார்கள், ஊர் ஊராகப் பொறி வைத்து எண்ணினார்கள், வயலைக் காலத்தில் உழுது மூடினார்கள். மரபணு ஒன்றே, புழுவும் ஒன்றே. நடுவில் இருந்த ஏற்பாடு மட்டும் வேறு. நம்மூரில் பின்னாளில் இரண்டு விதையையும் ஒரே பையில் கலந்தே கொடுக்கலாம் என்று முடிவு வந்தது. தீ அணைந்த பிறகு வந்த தண்ணி லாரி.

ஆபத்து என்று நாம் பேசும்போது மனதில் வருவது பெரும்பாலும் உடம்புக்குள் நடக்கிற ஏதோ ஒன்று. தின்றால் கேன்சர் வருமா, பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா. பருத்தியில் வந்த ஆபத்து அப்படி வரவில்லை. புழு திரும்பி வந்தது, நடுவில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் பெருகின, மருந்துக்கடைக் கணக்கு மறுபடி ஏறியது. நாக்பூர் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த கே.ஆர். கிராந்தியும் மானுடவியலாளர் கிளென் டேவிஸ் ஸ்டோனும் 2020இல் 'நேச்சர் பிளான்ட்ஸ்' இதழில் 20 வருஷத் தரவைப் பார்த்து எழுதினார்கள்: பி.டி. வருவதற்கு முன் செலவழித்ததைவிட அதிகமாகவே இப்போது பருத்தி விவசாயி பூச்சி மருந்துக்குச் செலவழிக்கிறார். விளைச்சலும் 2007-08வாக்கில் ஹெக்டேருக்கு 550 கிலோ பஞ்சைத் தொட்டுவிட்டு, அதற்கப்புறம் அதைத் தாண்டி நிலைக்கவில்லை. அந்த ஏற்றத்தில்கூட உரத்துக்கும் பாசனத்துக்கும் எவ்வளவு பங்கு, மரபணுவுக்கு எவ்வளவு என்று இன்னும் சண்டை. (பி.டி. பருத்திதான் விவசாயி தற்கொலைக்குக் காரணம் என்று ஃபார்வர்ட் வந்தால் நான் அனுப்புவதில்லை. தற்கொலைப் புள்ளிவிவரம் அந்த நேர்கோட்டுக்கு இடம் கொடுக்கவில்லை. இருக்கிற குற்றச்சாட்டே போதும், இட்டுக்கட்ட வேண்டாம்.)

2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில். ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடி, கலந்தடித்த மருந்து, முகத்தில் ஒரு துண்டு. மாமா வயலுக்கு மருந்தடிக்க வருகிற அண்ணனும் அடுத்த வருஷம் ஒருநாள் வரப்பில் சரிந்து, இரண்டு நாள் கண் மங்கலாகவே இருந்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. பி.டி. வந்ததால் வந்த லாபத்தில் அவருக்குப் பங்கு எதுவும் இல்லை. மருந்தடி குறைந்த வருஷங்களில் அவருக்குக் கூலிதான் குறைந்தது. புழு திரும்பி வந்தபோது முதல் ஆளாக அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு தொழில்நுட்பத்துக்கு அனுமதி கொடுக்கிற கோப்பில் இவருக்கு எந்தப் பத்தியில் இடம் என்று தேடிப் பார்த்தேன். 'இலக்கு அல்லாத உயிரினங்கள்' என்ற தலைப்பில் தேனீ உண்டு, மண்புழு உண்டு.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் போட்ட விதிகள் இருக்கின்றன. அதன் கீழ் ஆறு குழுக்கள். உச்சியில் இருப்பது மரபணுப் பொறியியல் 'ஒப்புதல்' குழு; 2010இல் பெயரை மட்டும் 'மதிப்பீட்டு'க் குழு என்று மாற்றினார்கள். கீழே மாநிலக் குழு, மாவட்டக் குழு எல்லாம் விதியில் உண்டு. உங்கள் மாவட்டத்துக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். வடிவமைப்பு முழுக்க வாசலில் நிற்கிற காவலாளியை நம்பியது. உள்ளே விடலாமா வேண்டாமா என்பதோடு வேலை முடிந்தது. எங்கள் துறையில் ஒரு மாற்றத்தை நேரடிப் பயன்பாட்டுக்கு அனுப்பினால் அதோடு வீட்டுக்குப் போக மாட்டோம். லாக் பார்ப்போம், எச்சரிக்கை மணி வைப்போம், கெட்டுப்போனால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழி வைத்திருப்போம். விதைக்குப் பழைய பதிப்பு கிடையாது. மகரந்தம் பறந்தது பறந்ததுதான். அப்படியானால் லாக் இன்னும் கவனமாக அல்லவா பார்த்திருக்க வேண்டும்?

அந்த வாசல் காவலும் எப்படி இருந்தது என்பதற்கு 2001 குஜராத். அனுமதியே வராத பி.டி. பருத்தி, நவபாரத் 151 என்ற பெயரில், ஆயிரக்கணக்கான ஏக்கரில் விளைந்து நின்றது. கண்டுபிடித்தது புழு. மற்ற வயலெல்லாம் அழிந்த வருஷத்தில் இது மட்டும் பச்சையாக நின்றதால் வெளியே தெரிந்தது. பிடுங்கி எரிக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். கையில் பஞ்சு வைத்திருக்கும் விவசாயியிடம் போய் யார் எரிப்பது? அடுத்த மார்ச்சில் அதிகாரபூர்வ அனுமதியே வந்துவிட்டது. களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி இன்றுவரை அனுமதி பெறவில்லை. 2019 ஜூனில் மகாராஷ்டிர விவசாயிகள் அகோலா பக்கம் கூட்டம் போட்டே அதை விதைத்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. களை எடுக்க ஆள் கிடைக்காத ஊர் எதுவென்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்தச் செய்தியை மாமாவிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அது எங்க மாப்ள கெடைக்கும்?"

இந்த இரண்டு கதையையும் வைத்துக்கொண்டு 'அதனால்தான் கட்டுப்பாடே வேண்டாம்' என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு நிறைய. ஸ்டார்ட்அப் ஆட்கள். அவர்களுக்கு 2022 மார்ச் 30 நல்ல நாள். அன்றைக்குச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது. வெளியிலிருந்து மரபணு எதையும் கொண்டுவந்து வைக்காமல், செடியின் சொந்த மரபணுவிலேயே சிறு திருத்தம் செய்த பயிர்கள் - எஸ்.டி.என்.1, எஸ்.டி.என்.2 என்று பெயர் - 1989 விதிகளில் 7 முதல் 11 வரையான விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டாம். உச்சிக் குழுவின் வாசலுக்கே போக வேண்டியதில்லை. திருத்தியவர்களின் நிறுவனத்திலேயே இருக்கும் உயிர்ப் பாதுகாப்புக் குழு, வெளியாள் மரபணு மிச்சமில்லை என்பதை ஆவணப்படுத்தி மேலே அனுப்பினால் போதும்.

2025 மே மாதம் இந்த வழியாக இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று கமலா. ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. அடிப்படை எது தெரியுமா? பிபிடி 5204, சம்பா மசூரி. பாபட்லாவில் பிறந்ததால் பிபிடி. சென்னையில் பாதி வீட்டில் மத்தியானச் சோறு அதுதான், என் வீட்டிலும். கதிரில் மணி எத்தனை என்பதைத் தீர்மானிக்கிற ஒரு ஹார்மோனைச் சிதைக்கும் நொதி உண்டு. அந்த நொதிக்கான மரபணுவை கிரிஸ்பரால் முடக்கியிருக்கிறார்கள். ஹார்மோன் மிஞ்சும், மணி கூடும். விளைச்சல் 19 சதவீதம் அதிகம், 20 நாள் முன்கூட்டியே அறுவடை என்பது அறிவிப்பு. 20 நாள் தண்ணீர் மிச்சம் என்பது டெல்டாவில் சின்ன விஷயமில்லை.

இதற்கு ஆதரவான வாதம் வலுவானது. காமா கதிரை வீசி விதையின் மரபணுவைக் கண்ணை மூடிக்கொண்டு கலைத்து, நல்லதாக வந்ததைப் பொறுக்கி எடுக்கும் முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் டிராம்பே நிலக்கடலை ரகங்கள் அப்படி வந்தவைதான். அதில் எங்கெங்கே என்னென்ன உடைந்தது என்று எவரும் கேட்டதில்லை. இங்கே ஒரே இடத்தில், குறி பார்த்து, ஒரு வெட்டு. இதற்கு ஏன் அதிகக் கெடுபிடி? நியாயமான கேள்வி. பழைய விதிகளை அப்படியே இதன் மேல் போடச் சொல்லி நானும் கேட்கவில்லை.

ஆனால் 'சின்ன மாற்றம்தானே' என்ற வாக்கியத்தைக் கேட்டால் என் தொழிலில் எவனுக்கும் வயிறு கலங்கும். ஒரே ஒரு எழுத்து மாறிய திருத்தம் மொத்த சர்வரையும் படுக்க வைக்கும். பத்தாயிரம் வரி மாறியது ஒன்றும் செய்யாமல் கிடக்கும். மாற்றத்தின் அளவை வைத்து ஆபத்தை அளக்கிறவரை நாங்கள் ரிவ்யூவுக்கே உட்கார வைப்பதில்லை. குறிப்பாணை அளப்பது அதைத்தான்: வெளியிலிருந்து வந்ததா இல்லையா. செடியில் என்ன மாறியது என்பது இரண்டாவது கேள்வியாகிவிட்டது.

'வெளியிலிருந்து எதுவும் இல்லை' என்பதையாவது நம்பலாமா? அமெரிக்காவில் ரீகாம்பினெட்டிக்ஸ் என்ற நிறுவனம் மரபணு திருத்தத்தால் கொம்பு முளைக்காத கன்றுகளை 2015இல் பிறக்க வைத்தது. இயற்கையிலேயே கொம்பில்லாத மாடுகளில் இருக்கும் அதே வரிசைதான், வேறெதுவும் இல்லை என்றார்கள். மாட்டின் மரபணு வரிசையையும் வெளியிட்டார்கள். 2019இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விஞ்ஞானிகள் அந்தத் தரவை வேறு விதமாக அலசியபோது, திருத்தத்தைச் சுமந்துபோன பாக்டீரிய டி.என்.ஏ. துண்டே மாட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுக்களோடு. நிறுவனம் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தாங்கள் வைத்ததை மட்டும் தேடிப் பார்த்தார்கள். வைக்காமல் போனதைத் தேடவில்லை. சொந்தக் கோடில் பிழை கண்ணில் படாதது ஏன் என்று எங்களைக் கேட்டால் சொல்வோம். அந்த மாட்டின் தரவு பொதுவில் இருந்ததால், வெளியாள் ஒருவர் பார்த்தார். அவ்வளவுதான் அங்கே நடந்த ஒழுங்குமுறை. அதுவே வேலை செய்தது.

ஆகவே என் சந்தேகம் கிரிஸ்பர் மேல் இல்லை. கமலாவை நாளைக்கே என் தட்டில் போட்டால் சாப்பிடுவேன். அதன் முழு மரபணு வரிசை, வயல் சோதனைத் தரவு, எந்த ஊரில் எந்தப் பருவத்தில் சொதப்பியது என்பது எல்லாம் பதிவிறக்கிப் பார்க்கிற மாதிரி பொதுவில் வேண்டும். விதை மூட்டையில் திருத்தியது என்று எழுத வேண்டும். கிரிஸ்பர் கருவியின் காப்புரிமை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிடமும் நிறுவனங்களிடமும் இருக்கிறதே, விதை எடுத்து வைக்கிற விவசாயிக்கு அதனால் நாளைக்கு என்ன வரும் என்பதை இன்றே எழுத்தில் சொல்ல வேண்டும். அனுமதி கொடுத்தபின் ஐந்து வருஷம், பத்து வருஷம் வயலில் போய் எண்ணுகிற ஆளுக்குச் சம்பளம் யார் தருவது என்பதும் அனுமதிக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். பருத்தியில் அந்த வரி இல்லாததுதான் பிரச்சினை.

2024 ஜூலையில் மரபணுக் கடுகு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் வேறு வேறு தீர்ப்பு எழுதினார்கள். ஆனால் ஒன்றில் ஒத்துப்போனார்கள்: விவசாயிகள் உட்பட எல்லோரையும் கேட்டு ஒரு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும், அந்த ஆலோசனை நான்கு மாதத்துக்குள் நடந்தால் நல்லது. அந்தக் கடுகிலும் ஒரு குட்டிப் பொட்டலம் உண்டு. அதற்குள் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு இருக்கிறது. விவசாயி தன் வயலில் அந்தக் களைக்கொல்லியை அடிக்கக் கூடாது என்பது நிபந்தனை. மறுபடியும் கடைசி ஆளின் தலையில்.

இப்படி ஊரைக் கேட்டு முடிவெடுத்த முன்னுதாரணம் நம்மிடம் ஒன்று இருக்கிறது. 2010இல் பி.டி. கத்தரிக்காய்க்காக அன்றைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுக்கூட்டம் நடத்தினார். கூச்சல், குழப்பம், அழுகை எல்லாம் இருந்தது. முடிவில் பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்தார். அந்த முடிவை வங்கதேசம் ஏற்கவில்லை, 2013இல் அதே கத்தரிக்கு அனுமதி கொடுத்தது. முடிவு சரியா தப்பா என்பதில் எனக்கே இரண்டு மனம். கேட்ட விதம் பிடித்திருந்தது. ஆனால் அந்த ஏழில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டு ஊர் இல்லை. இத்தனைக்கும் அந்தக் கத்தரியை உருவாக்கியதில் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் ஒரு கூட்டாளி. அடுத்த முறை இந்தப் பக்கமும் வருவதாக இருந்தால் தை, மாசியில் வேண்டாம். அப்போது பருத்தி எடுப்பு நடக்கும். பெரம்பலூரிலிருந்து ஒருத்தரும் வர மாட்டார்கள். மருந்தடிக்கிற அண்ணனுக்கு அன்றைய கூலியையும் பஸ் காசையும் கையில் கொடுத்துக் கூப்பிடுங்கள்.